அதிபர் இல்லாத நிலையம்

செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகத்துக்கு ரயிலில் சுமார் 25 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் பாலாற்றுப் பாலம் ஒன்றும், ஒத்திவாக்கம், படாளம், கருங்குழி என்று மூன்று சிறு நிலையங்களும் வந்துவிடுகின்றன. கருங்குழியில் ஏறி, இடம் பார்த்து உட்கார்ந்து, பையை மேலே வைப்பதற்குள் மதுராந்தகம் வந்துவிடும். ஜி.எஸ்.டி. சாலை பக்கத்திலேயே ஓடுகிறது, பேருந்துக்குப் பஞ்சமில்லை. பிறகு எதற்கு இங்கே ஒரு ஸ்டேஷன் என்று கேட்டால், வெள்ளைக்காரன் அந்தக் காலத்திலேயே ஊருக்கு ஒன்று வைத்துவிட்டுப் போனான் என்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ரயில் ஓட்டும் முறைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் அந்த நினைப்பு கலைந்தது. இப்படிப்பட்ட ஒற்றைப் பாதைகளில் நிலையம் எங்கே வரவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தது வண்டியின் தேவை. ஊரின் தேவை அதற்குப் பின்னால்தான் வந்தது. சிறு நிலையங்களிலிருந்து ஆள் ஏன் போய்க்கொண்டே இருக்கிறார், போனவர் பார்த்த வேலை யார் தலையில் விழுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கருங்குழி பேர் சொல்லாத ஊரும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் செங்கல்பட்டு, வந்தவாசி, உத்திரமேரூர் கோட்டைகளோடு சேர்த்துப் பேசப்பட்ட கோட்டை இங்கே இருந்தது. தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் வழியைப் பார்த்து நின்ற கோட்டை என்பதால் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதற்காக மாறி மாறி மோதிக்கொண்டார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசிப் போர் நடப்பதற்குச் சற்று முன்னால், 1759 கடைசியில், ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் இதைக் கைப்பற்றினார். கும்பெனி ஆட்சி காலூன்றிய பிறகு மாவட்டத்தின் தலைமையிடமும் சில காலம் கருங்குழியில் இருந்தது. பிறகு அது காஞ்சிபுரம் போய், அங்கிருந்து 1859-ல் சைதாப்பேட்டைக்குப் போய்விட்டது. (வள்ளலார் தங்கியிருந்த, அவர் தண்ணீரில் விளக்கெரித்ததாகச் சொல்லப்படும் கருங்குழி வடலூருக்குப் பக்கத்தில் உள்ள வேறு ஊர்.) 1870-களில் தென்னிந்திய ரயில்வே செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாகத் தெற்கே தண்டவாளம் போட்டபோது கருங்குழி, கலெக்டர் போய்விட்ட ஊர். அதற்கு மரியாதை செய்ய ரயில் வரவில்லை. சென்னையிலிருந்து தெற்கே போகும் வழியில் ஊர் இருந்தது, அவ்வளவுதான்.

அன்று போட்டது ஒற்றைப் பாதை, மீட்டர்கேஜ். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒற்றைப் பாதையில் கடக்கவேண்டுமானால் ஒன்று ஒதுங்கி வழிவிட வேண்டும். அதற்கு ஒரு கிளைத்தடமும், எந்த வண்டி ஒதுங்குவது என்று சொல்ல ஓர் ஆளும் வேண்டும். ரயில்வேயில் இதற்குக் ‘கிராஸிங்’ என்று பெயர். இரண்டு கிராஸிங் இடங்களுக்கு நடுவே உள்ள துண்டில் ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராஸிங் இடங்கள் 20 கிலோமீட்டருக்கு ஒன்று, வண்டியின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால், அந்தத் துண்டைத் தாண்ட ஒரு வண்டிக்கு அரை மணி, எதிர்வண்டிக்கு இன்னோர் அரை மணி. ஆக, மணிக்கு இரண்டு வண்டிக்கு மேல் அந்தப் பாதை தாங்காது. இடைவெளியைப் பத்து கிலோமீட்டராகக் குறைத்தால் மணிக்கு நான்கு வண்டி ஓடும். அதாவது, புதிதாக ஒரு கிலோமீட்டர்கூடத் தண்டவாளம் நீட்டாமல், நடுவில் ஒரு நிலையத்தை நுழைத்தே பாதையின் கொள்ளளவை இரட்டிப்பாக்கலாம். ஒற்றைப் பாதையில் நிலையங்கள் நெருங்கி இருப்பதன் ரகசியம் இது.

அந்த நிலையத்தில் அதிபர் பார்த்த வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். அவர் மேசைக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டி போல ஒரு கருவி இருக்கும். அதற்குள் டோக்கன்கள்: ஒரு கைக்குள் அடங்கும் உருக்குப் பந்துகள். அடுத்த நிலையத்தில் இதேபோன்ற பெட்டி. இரண்டும் கம்பியால் இணைக்கப்பட்டவை. இங்கிருப்பவர் மணியடித்துக் கேட்கவேண்டும், அங்கிருப்பவர் பாதை காலி என்று மணியடித்துச் சம்மதம் தரவேண்டும். அப்போதுதான் இங்கே ஒரு பந்து கழன்று விழும். அது வெளியே வந்துவிட்டால், மறுபடி ஏதாவது ஒரு பெட்டிக்குள் போய்ச் சேரும்வரை இரண்டு பெட்டியிலும் இன்னொரு பந்து எடுக்க முடியாது. அந்தப் பந்தைத் தோல் பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, பிளாட்பாரத்தின் ஓரத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நிற்காத வண்டியாக இருந்தால், எஞ்சினிலிருந்து எட்டிப் பார்க்கும் ஆள் தன்னிடமிருந்த பழைய வளையத்தைக் கீழே வீசிவிட்டுப் புதியதில் முழங்கையைக் கோத்துக்கொண்டு போய்விடுவார். பந்து கையில் இருப்பவருக்குத்தான் பாதை. இரண்டு வண்டி மோதாமல் இருந்தது அந்தப் பந்தால்; பந்தை இடம் மாற்றியது அந்த மனிதர்.

டிக்கெட் விற்றதும் அதே மனிதர்தான். ஆனால் அது அவருக்கு இடையில் செய்கிற வேலை. வண்டி வர கால்மணி இருக்கும்போது சன்னல் பலகையைத் திறப்பார். அடுக்கிலிருந்து அட்டை டிக்கெட் ஒன்றை உருவி, தேதி குத்தும் இயந்திரத்தின் வாய்க்குள் ஒருமுறை இழுப்பார். ‘டக்’ என்று ஒரு சத்தம். ஏறக்குறைய தீப்பெட்டிப் படம் அளவே இருக்கும் அந்த அட்டையில் புறப்படும் ஊர், சேரும் ஊர், கட்டணம் எல்லாம் முன்பே அச்சாகியிருக்கும். தேதி மட்டும்தான் புதிது. இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற நிலைய ஊழியர் 1830-களின் கடைசியில் கண்டுபிடித்த முறை அது. ஒவ்வொரு அட்டைக்கும் வரிசை எண் உண்டு. மாலையில் முதல் எண்ணைக் கடைசி எண்ணிலிருந்து கழித்தால் எத்தனை விற்றது என்று தெரிந்துவிடும். கைகாட்டி, டோக்கன், டிக்கெட், குடிநீர், விளக்கு, பூட்டு, ‘வண்டி லேட்டு’ என்ற அறிவிப்பு எல்லாம் ஒரே சம்பளத்தில் அடங்கின. அந்தச் சம்பளத்தை நியாயப்படுத்தியது கைகாட்டியும் டோக்கனும். மற்றதெல்லாம் ஊருக்குக் கிடைத்த கொசுறு.

இந்தப் பாதைக்கும் ஜப்பானுக்கும் பலரும் மறந்துபோன ஓர் உறவு உண்டு. தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம்வரை மீட்டர்கேஜ் பாதையில் 1960-களில் மின்சாரக் கம்பி இழுத்தார்கள். அதில் ஓடிய ஒய்.ஏ.எம்.-1 வகை எஞ்சின்கள் மிட்சுபிஷி குழுமம் ஜப்பானில் செய்து அனுப்பியவை. மொத்தமே இருபது. மீட்டர்கேஜில் மின்சார எஞ்சின் ஓடிய இடங்கள் நம் நாட்டில் குறைவு. ஜப்பானியருக்கு அதைச் செய்வது பெரிய புதிராக இருந்திருக்காது. அவர்கள் நாட்டின் பழைய பாதைகள் 1,067 மில்லிமீட்டர் அகலம், நம்முடையது 1,000. வித்தியாசம் நான்கு விரல்கடைகூட இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த எஞ்சின்கள் கருங்குழி வழியாகத் தென்மாவட்ட வண்டிகளை இழுத்துப் போயின. 1990-களின் இறுதியில் இந்தப் பகுதி அகலப்பாதையானபோது அவற்றுக்கு வேலை போயிற்று.

அகலப்பாதையைத் தொடர்ந்து செங்கல்பட்டு முதல் விழுப்புரம்வரை இரட்டைப் பாதையும் வந்தது. தெற்கே போக ஒன்று, வடக்கே வர ஒன்று என்றானதும் எதிர்வண்டி என்ற பேச்சே இல்லை. கிராஸிங் இல்லை, டோக்கன் பந்து இல்லை. கைகாட்டி மரங்கள் போய் வண்ண விளக்குகள் வந்தன. விளக்கை மாற்றுவதும் தடத்தை மாற்றுவதும் ஒரு பெரிய நிலையத்தின் பலகைமுன் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிற வேலையாயிற்று. பயணிகளுக்கு இதில் நல்லதுதான் நடந்தது, வண்டிகள் கூடின, தாமதம் குறைந்தது. ஆனால் சிறு நிலையம் எதற்காகப் பிறந்ததோ அந்தக் காரணம் தீர்ந்துபோயிற்று. வண்டிக்கு இனி அது வேண்டாம். ஊருக்கு வேண்டுமா என்ற கேள்வி அப்போதுதான் முதல்முறையாக எழுந்தது, அதுவும் டிக்கெட் விற்பனைப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு.

ரயில்வே மொழியில் வண்டி இயக்கத்தில் பங்குள்ள நிலையத்துக்கு ‘பிளாக் ஸ்டேஷன்’ என்று பெயர். அந்தப் பங்கு இல்லாமல், வண்டி நின்று ஆள் ஏறி இறங்க மட்டும் இருப்பது ‘ஹால்ட்’. முன்பு நிலையங்களை வருமானத்தை வைத்து ஏ-1 முதல் எஃப் வரை தரம் பிரித்திருந்தார்கள். கடைசிப் படியான எஃப் ஹால்ட்டுகளுக்கு. இப்போது ஹால்ட்டுகளைத் தனிக்குழுவாக்கி அதற்குள்ளும் மூன்று படி வைத்திருக்கிறார்கள். பல ஹால்ட்டுகளில் ரயில்வே ஊழியர் ஒருவரும் கிடையாது. அதே ஊரில் குடியிருக்கும் ஒருவரை ஒப்பந்தத்தில் முகவராக நியமிப்பார்கள், ஊர் வழக்கில் ‘ஹால்ட் ஏஜென்ட்’. அவர் பக்கத்துப் பெரிய நிலையத்துக்குப் போய்க் கைப்பணம் கட்டி டிக்கெட் கட்டுகளை வாங்கி வருவார். வண்டி நேரத்துக்கு வந்து அறையைத் திறந்து விற்பார். விற்றதற்குக் கமிஷன் உண்டு. விற்காவிட்டால் ஒன்றும் கிடையாது.

அந்தக் கமிஷனில் எவ்வளவு தேறும்? சாதாரண வண்டியின் குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாய். ஒரு நாளைக்கு ஐம்பது பேர் பத்து ரூபாய் டிக்கெட் எடுத்தால் விற்பனை 500. கமிஷன் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது ஐம்பது ரூபாய். பதினைந்து விழுக்காடு என்றாலும் 75. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். காலை வண்டிக்கு ஒருமுறை, மாலை வண்டிக்கு ஒருமுறை, இடையில் டிக்கெட் கட்டு வாங்க ஒரு பயணம் என்று நாளை மூன்றாக வெட்டிக் கொடுக்கிற வேலை, ஏரி தூர்வாரும் கூலியில் கால்வாசியைக்கூட எட்டுவதில்லை. இப்படிப்பட்ட அறைகளுக்கு அடிக்கடி ஏன் பூட்டு தொங்குகிறது என்று கேட்கிறோம். திறந்து வைத்திருக்கிற நாளில் ஏன் திறந்திருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. பெட்டிக்கடையோ வேறு சிறு வருமானமோ கூடவே இருக்கிறவர்தான் இதில் நிலைக்க முடியும்.

கணக்கிலும் ஒரு கோளாறு இருக்கிறது. டிக்கெட் வருமானம் அதை விற்ற நிலையத்தின் பேரில்தான் ஏறும். கருங்குழி மாதிரி ஊரிலிருந்து தினம் செங்கல்பட்டுக்கோ தாம்பரத்துக்கோ வேலைக்குப் போகிறவர் சீசன் டிக்கெட் வைத்திருப்பார். அதைத் தனக்கு வசதியான பெரிய நிலையத்தில் மாலையில் வண்டி ஏறும்போது எடுத்திருப்பார். மாதம் ஐம்பது தடவை சிறு நிலையத்தை மிதிக்கிறார், அதன் வருமானத்தில் ஒரு ரூபாயாகக்கூட அவர் தெரிவதில்லை. காலையில் போகவும் மாலையில் திரும்பவும் சேர்த்துக் கைப்பேசியில் டிக்கெட் போடுகிறவரும் ஏஜென்டின் சன்னலுக்கு வருவதில்லை. சன்னல் மூடியிருந்ததால் டிக்கெட் இல்லாமல் ஏறியவரோ எந்தக் கணக்கிலும் இல்லை. இத்தனை பேரையும் விட்டுவிட்டு, சன்னலில் விற்ற அட்டைகளை எண்ணி ‘இங்கே ஆளே வருவதில்லை’ என்று முடிவுகட்டுவது, ரேஷன் கடை வரிசையை மட்டும் எண்ணிவிட்டு ஊரில் சோறு தின்கிறவர் எத்தனை பேர் என்று சொல்வதுபோல. ஒரு சன்னலைச் சரியாகத் திறக்காமல் விட்டால் விற்பனை குறையும். விற்பனை குறைந்ததைக் காட்டிச் சன்னலை மூடலாம். சன்னல் போனபின் நிறுத்தத்தையே எடுக்கலாம். யாரும் திட்டம் போட்டுச் செய்ய வேண்டியதில்லை, புத்தகத்தின்படி நடந்தாலே போதும்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் பாசஞ்சர் வண்டிகள் நின்றபோது இந்தப் பலவீனம் வெளியே தெரிந்தது. வண்டிகள் திரும்ப ஓடியபோது பல பாசஞ்சர்களுக்கு ‘சிறப்பு எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் சூட்டி, குறைந்தபட்சக் கட்டணத்தை முப்பது ரூபாயாக்கினார்கள். கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து புதிய கால அட்டவணை எழுதும் முயற்சியும் அதே காலத்தில் நடந்தது. நாளுக்கு ஐம்பது பேர்கூட ஏறி இறங்காத நிறுத்தங்களை விலக்கலாம் என்ற யோசனை அதில் இருந்தது. பத்து ரூபாய் கொடுத்து ஒரு நிலையம் தள்ளிப் போனவர் முப்பது கொடுக்க மாட்டார், ஷேர் ஆட்டோவில் போய்விடுவார். கட்டணம் 2024 பிப்ரவரியில் பழையபடி பத்துக்கு இறங்கியது. நான்கு ஆண்டுகளில் ஆட்டோவுக்கும் இருசக்கர வண்டிக்கும் பழகிவிட்ட கால்கள் எல்லாம் அந்த மாதமே திரும்பிவிடவில்லை.

ஜப்பானில் ஆளில்லா நிலையத்துக்கு ‘மூஜின் எகி’ என்று பெயர். அந்நாட்டு அரசுக் கணக்கின்படி 2020 மார்ச் முடிவில் சுமார் 9,500 நிலையங்களில் 4,500-க்கு மேல் ஆளற்றவை, ஏறக்குறைய பாதி. கதை அங்கும் இதேதான். மலையும் பள்ளத்தாக்குமான ஒற்றைப் பாதைகள், வளையத்தோடு பிளாட்பாரத்தில் நின்ற அதிபர்கள். 1950-களிலிருந்து மெல்ல மெல்ல ஒரு மையத்தில் உட்கார்ந்து முழுப் பாதையின் விளக்குகளையும் இயக்கும் முறை பரவியது. 1980-களில் சிறு நிலையங்களில் சரக்கும் பார்சலும் நின்றன. 1987 ஏப்ரலில் தேசிய ரயில்வேயைப் பிரித்துத் தனி நிறுவனங்களாக்கியபோது, ஆள் வைப்பதற்குச் சொல்லவேண்டிய காரணம் இன்னும் கடினமாயிற்று. நம்மூரில் கிராமம் சென்னைக்குக் குடிபெயர்கிறது, அங்கே கிராமத்தில் பிறக்கவே ஆள் இல்லை. முடிவு மட்டும் ஒன்று.

ஆனால் டிக்கெட் விஷயத்தில் ஜப்பான் வேறு வழியைப் பிடித்தது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஒரே ஒரு பெட்டி, சிலசமயம் இரண்டு. கார்டு கிடையாது. ஓட்டுநர் மட்டும்தான். ஆங்கிலத்தைக் கடன் வாங்கி ‘வான்மான்’ என்கிறார்கள், ஒற்றையாள் வண்டி. பின்கதவால் ஏறவேண்டும். ஏறியதும் கதவோரப் பெட்டியிலிருந்து ஒரு சீட்டை இழுத்துக்கொள்ளவேண்டும். அதில் ஏறிய நிலையத்தின் எண் இருக்கும். ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு பலகை. எண் 1-ல் ஏறியவர் இப்போது இறங்கினால் இவ்வளவு, 2-ல் ஏறியவருக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் கட்டணம் மாறிக்கொண்டே வரும். இறங்கும்போது முன்கதவுக்கு வந்து, சீட்டையும் காசையும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் போடவேண்டும். சில்லறை மாற்றித் தரும் வாயும் அதே பெட்டியில் இருக்கும். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, தலையசைத்து, கதவை மூடி, விளக்கைப் பார்த்துக் கைநீட்டி உரக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார். நம் டவுன்பஸ்ஸில் கண்டக்டரும் ஓட்டுநரும் ஒருவரே ஆனால் எப்படி இருக்கும், அப்படி. நிலையத்தில் ஆள் இல்லாவிட்டாலும் வண்டிக்குள் டிக்கெட் உண்டு, சன்னல் மூடியிருந்தது என்று எவரும் குற்றவாளியாவதில்லை. நம்மிடம் ஒரு வண்டியில் ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள், இந்த முறையை அப்படியே பெயர்த்து நட முடியாது. ஹால்ட்டில் டிக்கெட் கிடைக்காதவர் ஏறுமுன் கார்டிடம் சொல்லிச் சான்று பெறலாம் என்பது நம் பழைய ஏற்பாடு. 2022-லிருந்து கார்டின் பெயர் ‘டிரெயின் மேனேஜர்’. ஒரு நிமிடம் நிற்கிற வண்டியின் கடைசிக்கு ஓடி அவரிடம் சான்று கேட்கும் பயணியை நான் இதுவரை பார்த்ததில்லை. பிடிபட்டால் குறைந்தது 250 ரூபாய் அபராதம், கட்டணம் தனி.

ஜப்பானின் சிறு நிலையங்களைப் பற்றி நமக்கு வாட்ஸ்அப்பில் வருவது வேறு மாதிரிக் கதை. ஹொக்கைடோ தீவில் ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஒரு நிலையத்தையே அரசு மூடாமல் வைத்திருக்கிறது, அவள் படித்து முடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறது என்று 2016 தொடக்கத்தில் பரவி, இன்னும் ஆண்டுக்கொருமுறை திரும்பி வருகிறது. கதையில் வந்த பெயர் காமி-ஷிராதாகி. அந்த மாணவி போய்வந்தது அதற்குப் பக்கத்தில் உள்ள க்யூ-ஷிராதாகியில். இரண்டையும் இன்னொரு நிலையத்தையும் சேர்த்து 2016 மார்ச் 26-ல் மூடினார்கள், பயணிகள் போதவில்லை என்ற வழக்கமான காரணத்துக்காக. ஜப்பானில் ரயில் அட்டவணை மாறுவதும் மார்ச்சில், கல்வியாண்டு முடிவதும் மார்ச்சில். இரண்டும் ஒரே மாதத்தில் விழுந்ததில் ஒரு காவியம் பிறந்துவிட்டது. அந்தக் கதையைக் கண்கலங்கி அனுப்புகிறவர்களில் சிலர், தங்கள் ஊரில் பாசஞ்சர் நிற்காமல் போனதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

வாகயாமாவில் கிஷி நிலையத்தின் கதை உண்மையானது, அதனாலேயே இன்னும் விநோதமானது. 2006-ல் பாதை கைமாறியபோது அங்கிருந்த ஆளை எடுத்தார்கள். 2007 ஜனவரியில், நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் வளர்த்த தமா என்ற பூனைக்குத் தொப்பி மாட்டி நிலைய அதிபர் என்று அறிவித்தார்கள். பூனையைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், மூடப்போகிறது என்று பேசப்பட்ட பாதை பிழைத்துக்கொண்டது. 2015-ல் தமா இறந்தபோது அதற்குச் சிறு கோயிலும் எழுப்பினார்கள். நல்ல வியாபாரம், மறுக்கவில்லை. ஆனால் மனிதர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் பூனையை உட்காரவைத்ததும்தான் அந்த நாற்காலி எல்லார் கண்ணிலும் பட்டது என்பதை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. அதே ஜப்பானில் 2020 செப்டம்பரில், ஒய்தா மாகாணத்தில் சக்கர நாற்காலியில் செல்லும் சிலர், நிலையங்களில் ஆளை எடுத்தால் தாங்கள் எப்படி ஏறுவது என்று ரயில் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்கள். முன்கூட்டியே தகவல் சொன்னால் ஆளனுப்புகிறோம் என்பது நிறுவனங்களின் ஏற்பாடு. மற்றவர்கள் நினைத்த நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பலாம், இவர்கள் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் முறையீடு.

ஆளை எடுத்தால் வேலை மறைந்துவிடுமா? நம்மூரிலேயே ஒரு நல்ல சோதனை நடந்தது. திருவாரூர்–காரைக்குடி பாதை அகலப்பாதையாகி 2019 ஜூனில் திறந்தது, 149 கிலோமீட்டர். வழியில் லெவல் கிராஸிங்குகள் ஏராளம், அவற்றில் நிற்க கேட் கீப்பர்கள் இல்லை. என்ன செய்தார்கள்? வண்டியிலேயே கேட் கீப்பர்களை ஏற்றினார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிக் கேட்டை மூடுவார், வண்டி தாண்டி மறுபடி நிற்கும், பின்பெட்டியில் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார், வண்டி கிளம்பும். பயணம் ஆறு மணி நேரத்துக்கும் மேல் இழுத்தது. சைக்கிளில் போனால் முந்திவிடலாம் என்று பட்டுக்கோட்டைப் பக்கம் கேலி எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பல ஆட்களின் சம்பளம் மிச்சமானதுபோல் தோன்றியது, உண்மையில் அது பயணிகளின் மணிக்கணக்காக மாறி வசூலானது. பிறகு முன்னாள் படைவீரர்களைக் கேட்டுகளில் நியமித்தபோதுதான் வண்டி ஓடத் தொடங்கியது. பெரிய நிலையங்களில் டிக்கெட் இயந்திரங்களைப் பாருங்கள். ஆளில்லாமல் டிக்கெட் தருவதற்கென்று வைத்த இயந்திரம். அதன் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர் நின்று, நமக்குப் பதிலாக அதைத் தொட்டுத் தொட்டு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார். அவரிடம்தான் வரிசை நீளம்.

ராஜஸ்தானில் ரஷீத்புரா கோரி என்ற சிறு நிலையத்தை நட்டம் என்று 2005-ல் மூடினார்கள். ஊரார் விடவில்லை, டிக்கெட் விற்கும் பொறுப்பைத் தாங்களே ஏற்று மறுபடி திறக்கவைத்தார்கள். மேற்கு வங்கத்தில் பேகுன்கோடர் நிலையத்தில் பேய் நடமாடுகிறது என்று 1967 வாக்கில் ஊழியர்கள் இருக்க மறுத்து, நிலையமே மூடிப்போயிற்று. 2009-ல் ஹால்ட்டாகத் திரும்பத் திறந்தது. பேய்க்கதையை நம்புவது அவரவர் விருப்பம். இருட்டில், விளக்கு ஒழுங்காக எரியாத பிளாட்பாரத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் எவரும் இல்லாமல் தனியாக நின்றவர்களுக்கு அந்தக் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்று எளிதாகப் புரியும். பெண்களைக் கேட்டால் பேயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வார்கள். மாலை ஆறரை வண்டியைவிட்டு, கூட்டத்தில் நசுங்கினாலும் பரவாயில்லை என்று ஐந்து மணிப் பேருந்துக்கு மாறிக்கொண்டவர்களின் எண்ணிக்கை எந்த வகைப்பாட்டுக்குள்ளும் வராது.

ஆள் போனால் முதலில் போவது டிக்கெட் என்று நினைக்கிறோம். என் பார்வையில் முதலில் போவது தகவல். வண்டி எங்கே வருகிறது, இன்று எந்தத் தடத்தில், ஏன் தாமதம், இனி வருமா வராதா என்று சொல்ல ஒருவர் இருந்தார். எரிந்து விழுந்தாலும் சொல்வார். அடுத்துப் போவது பூட்டுச்சாவி. காத்திருக்கும் அறையும் கழிப்பறையும் பூட்டியே கிடக்கும், அல்லது பூட்டே இல்லாமல் கிடக்கும். குடிநீர்க் குழாயின் திருகு உடைந்தால் புகார் எழுத ஒருவர் வேண்டும். அந்த வேலைகள் எதுவும் எந்த நாளிலும் சம்பளப் பட்டியலில் தனியாக எழுதப்பட்டதில்லை. அதனால் நீக்கியபோதும் எவரும் கணக்கில் எழுதவில்லை.

சென்ற முறை கருங்குழியில் தெற்கே போகும் வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். மாலை வெயில் ஏறக்குறைய இறங்கிவிட்டது. நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சிமென்ட் இருக்கையில் கட்டிவைத்திருந்த கீரைக்கட்டின் இலைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. கீரைக்கட்டுக்காரப் பாட்டிக்கு எழுபது இருக்கும். அவர் வண்டி அதுதானோ என்று பதறி எழுந்து, இல்லை என்று தெரிந்து உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார். கேட்க யாரும் இல்லை. இரண்டு இருக்கை தள்ளி ஒரு கல்லூரிப் பையன், காதில் கம்பியோடு.

“தம்பி, மேல்மருவத்தூர் வண்டி போயிடுச்சா?”

அவன் காதிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு, கைப்பேசியை இரண்டு தடவை தட்டினான். “இல்ல ஆயா. இப்பதான் படாளத்துல நிக்குது. இந்தப் பக்கம் வராது, அந்த பிளாட்பாரத்துக்கு வரும். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.”

கீரைக்கட்டை அவன் தூக்கிக்கொண்டான்.